குளத்துப் பாசியும் எங்கள் மீனும்

கணவரை இழந்து 2010இல் ஊர் திரும்பிய எனக்குக் கைகொடுத்தது குளத்து மீன்தான். அதை விற்றே பிள்ளைகளைப் படிப்பித்தேன். இன்று அக்குளக்கரையில் பொலித்தீன் பைகள் குவிந்து கிடக்கின்றன.

அவை உக்குவதில்லை. வெயிலில் பொடியாகி நீரில் கலக்கின்றன. 5 மில்லிமீற்றரிலும் சிறிய இத்துகள்களே நுண்பிளாஸ்ரிக். இவற்றுள் கண்ணுக்கே தெரியாதவை பச்சைப்பாசியில் ஒட்டி வெளிச்சத்தை மறைக்கின்றன. துகள்கள் அதிகமானால் பாசியின் பச்சையமும் வளர்ச்சியும் குறைவதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

பாசியைச் சிற்றுயிர்கள் தின்னும். அவற்றை மீன்குஞ்சுகள் தின்னும். பாசி குறைந்தால் மீனுக்கும் இரை குறையும்.

நான் இப்போது மீனை உமலில்தான் கொடுக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் சந்தைக்குப் போகும்போது உமலோ பன்பையோ கொண்டு செல்லுங்கள். பொலித்தீனைக் குளத்தில் வீசாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.