பழைய பதிப்பா, புதிய பதிப்பா?

இணையக் கைத்தொழில் – 9

இணையதளம் வடிவமைக்கும் மென்பொருளில் பழைய பதிப்போடு நின்றுவிடலாமா, புதியதற்கு மாற வேண்டுமா என்று கேட்பவர்கள் பதிப்பின் வயதைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அது நமக்காக எவ்வளவு நிரலைத் தானே எழுதுகிறது என்பதை. ட்ரீம்வீவரையே எடுத்துக்கொள்வோம். 1997இல் மேக்ரோமீடியா வெளியிட்ட இந்த மென்பொருள், 2005 இறுதியில் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து அடோபியின் கைக்குப் போனது. 2012இல் வந்த சிஎஸ்6தான் ஒரே தடவை பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்த கடைசிப் பதிப்பு. அடுத்த ஆண்டிலிருந்து எல்லாம் சந்தா. மாதாமாதம் கட்டுவானேன் என்று சிஎஸ்6-லேயே தங்கிவிடுபவர்களைக் கஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏனென்றால் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்தப் பதிப்பில் தட்டச்சு செய்தோம் என்பது பிரவுசருக்குப் பொருட்டே அல்ல. முக்கியப் பிரவுசர்களுக்கு 2017இல் வந்துசேர்ந்த சிஎஸ்எஸ் கிரிட்டை, அதற்கு ஐந்தாண்டு மூத்த சிஎஸ்6-இலும் எழுதலாம். அதன் வடிவமைப்புத் திரை அதைச் சரியாக வரைந்து காட்டாது. பிரவுசரில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும். புதியது நிலைக்கும் என்ற உறுதியும் கிடையாது. நிரலே எழுத வேண்டாம் என்று 2012இல் அடோபி கொண்டுவந்த மியூஸுக்கு 2020 மார்ச்சோடு ஆதரவு நின்றுபோனது.

சிக்கல் தொடங்குவது மென்பொருள் தானே எழுதித் தரும் இடத்தில். சிஎஸ்6-இல் ‘சர்வர் பிஹேவியர்’ பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தரவுத்தளத்தோடு பேசும் பிஎச்பி நிரல் தயாராகிவிடும். அந்த நிரல் நம்பியிருந்த பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அடியோடு நீக்கிவிட்டது. சர்வரில் பிஎச்பியைப் புதுப்பித்தால், திருத்தப்படாத பக்கம் அங்கேயே நின்றுபோகும். மைக்ரோசாஃப்டின் ஃபிரண்ட்பேஜிலும் இதே கதைதான்: வருகை எண்ணி போன்ற வசதிகள், சர்வரில் ஃபிரண்ட்பேஜ் நீட்சிகள் இருந்தால் மட்டுமே வேலை செய்தன.

அப்படியானால் புதிய பதிப்பு வாங்கினால் தீர்ந்துவிடுமே என்பார்கள். தீராது. 2013இல் வந்த பதிப்பு அந்த சர்வர் பிஹேவியர் வசதியைக் கைவிட்டதே தவிர, ஏற்கெனவே எழுதிக் குவித்ததை மாற்றித் தரவில்லை. இயங்குதளம் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது: 2019இல் வந்த மேக் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை ஏற்பதில்லை, ஆகவே அதில் சிஎஸ்6 இயங்காது. அங்கே மாறுவதைத் தவிர வழியில்லை. மற்றவர்களுக்கு ஒரு சோதனை போதும். உங்கள் பக்கத்தை நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிக்கு வரி புரிந்தால் பழைய பதிப்பு தாராளமாகப் போதும். புரியாத வரிகள் மிகுந்திருந்தால், சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் அந்த வரிகளைத் திருத்தி எழுதச் செலவிடுங்கள்; எந்தப் பதிப்பு என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

(தொடரும்)