நிழலைப் பிடிக்க 32 ஆண்டு!

கம்ப்யூட்டருக்குள் சூரியன் கிடையாது. விளக்கும் கிடையாது. ஆகவே, நிழலும் கிடையாது.

திரையில் ஒருவன் நடந்து வருகிறான். அவன் காலடியில் நிழல் விழுகிறது. அந்த நிழல் தானாக விழுந்தது அல்ல. யாரோ ஒருவர் அதை உண்டாக்கி இருக்கிறார். ஒன்று, கையால் வரைந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு லேசானது அல்ல. பெரிய பெரிய நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொண்டார்கள்.

அந்தக் கதையை ஒரே விளையாட்டை வைத்துச் சொல்லிவிடலாம். அதன் பெயர் "டூம்."

டெக்சாசில் பிறந்தது

டூம், அமெரிக்காவில் பிறந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கிட் என்ற ஊரில் இருந்த "இட் சாப்ட்வேர்" என்ற சிறிய கம்பெனி அதைத் தயாரித்தது. 1993-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அது வெளிவந்தது.

செவ்வாய்க் கிரகத்தின் துணைக்கோள்களில் ஒரு போர்வீரன் தனியாக மாட்டிக்கொள்கிறான். பேய்களும் பூதங்களும் அவனைத் தாக்குகின்றன. அவற்றைச் சுட்டுத் தள்ளிவிட்டு அவன் தப்ப வேண்டும். இதுதான் கதை.

ரத்தம் சிந்தும் விளையாட்டு இது. சிறுவர்களுக்கு உரியது அல்ல. "17 வயதும் அதற்கு மேலும்" என்று அமெரிக்காவில் இந்த வரிசைக்கு முத்திரை குத்தி இருக்கிறார்கள்.

ஆனால், இதன் இருட்டும் வெளிச்சமும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அறைக்கு ஒரு எண்

1993-ல் வீடுகளில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு வேகம் குறைவு. டூம் படத்தில் மொத்தம் 64,000 புள்ளிகள்தான். நிறங்கள் 256. இதற்குள் அடங்கியாக வேண்டும்.

விளையாட்டுக்கு உயிர் கொடுத்த கணக்குகளைப் போட்டவர் ஜான் கார்மக். அவர் ஒரு சுருக்கு வழியைக் கையாண்டார்.

விளையாட்டில் வரும் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வெளிச்ச எண் கொடுத்தார்கள். 0 என்றால் கும்மிருட்டு. 255 என்றால் நல்ல வெளிச்சம்.

தூரத்தில் இருப்பவை மங்கலாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக 32 படிகள் கொண்ட ஒரு பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்தார்கள். தூரம் கூடக் கூட, நிறம் கறுத்துக்கொண்டே போகும்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். வடக்கு தெற்காக ஓடும் சுவர்களைக் கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டினார்கள். கிழக்கு மேற்காக ஓடும் சுவர்களைக் கொஞ்சம் மங்கலாகக் காட்டினார்கள். மூலைகள் எடுப்பாகத் தெரிந்தன!

உண்மையான நிழல் என்று எதுவும் அந்த விளையாட்டில் இல்லை. பூதத்துக்கும் நிழல் இல்லை. தூணுக்கும் நிழல் இல்லை.

தூணின் நிழல் வேண்டுமானால் என்ன செய்வது? நிழலின் வடிவத்தில் தரையில் ஒரு துண்டை வெட்டுவார்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் குறைந்த எண்ணைக் கொடுப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது நிழல்!

திடீர் என்று விளக்கு அணையும். இருட்டுக்குள் உறுமல் கேட்கும். விளையாடுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும். எண்ணை மாற்றியது மட்டும்தான் கம்ப்யூட்டர் செய்த வேலை!

சமைத்து வைத்த வெளிச்சம்

1996-ல் இதே கம்பெனி "குவேக்" என்ற வேறு விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு புதுமை செய்தார்கள்.

எந்தச் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழும், எங்கே நிழல் விழும் என்பதைக் கம்பெனியிலேயே கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டார்கள். வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் அதை எடுத்துக் காட்டினால் போதும். காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு, மாலையில் எடுத்துப் பரிமாறுவது போல.

பார்க்க அழகாக இருந்தது. ஆனால், ஒரு குறை. சமைத்து வைத்த நிழல் அசையாது. விளக்கு ஆடினாலும் நிழல் ஆடாது.

1997-ல் "நின்டெண்டோ 64" என்ற விளையாட்டுப் பெட்டிக்காக "டூம் 64" வந்தது. அதில் அறைகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ண வெளிச்சம் கொடுத்தார்கள். அப்போதும் உண்மை நிழல் வரவில்லை.

ஆடும் விளக்கு, ஆடும் நிழல்

2004-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "டூம் 3" வந்தது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

விளக்கு ஊசலாடினால் நிழலும் ஊசலாடியது. பூதம் கையைத் தூக்கினால், சுவரில் அதன் நிழலும் கையைத் தூக்கியது. சுவர், தரை, மனிதன், பூதம் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. எல்லாம் அந்த வினாடியிலேயே போடப்பட்ட கணக்கு!

இது எப்படி?

விளக்கின் முன்னால் ஒரு பொருள் நிற்கிறது. அதற்குப் பின்னால் வெளிச்சம் எட்டாத பகுதி ஒன்று உண்டாகிறது. அதை ஒரு பெரிய கறுப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் எது அகப்பட்டாலும் அது நிழலில் இருக்கிறது.

கண்ணில் இருந்து ஒரு கோடு புறப்படுவதாக நினையுங்கள். பெட்டிக்குள் நுழைந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். வெளியே வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். முடிவில் பூஜ்யம் வந்தால் அந்த இடம் வெளிச்சம். பூஜ்யம் வராவிட்டால் நிழல்.

கறுப்புப் பெட்டி யோசனையை 1977-லேயே சொன்னவர் பிராங்க் குரோ என்ற அமெரிக்க நிபுணர். வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டில் அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு 27 ஆண்டு பிடித்தது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பார்ப்பவரே கறுப்புப் பெட்டிக்குள் நின்றால் கணக்கு தப்பிவிடும். கார்மக் அதற்கு ஒரு வழி கண்டார். முன்பக்கம் இருந்து எண்ணாமல், பின்பக்கம் இருந்து எண்ணினார். கணக்கு சரியாகிவிட்டது!

ஆனால், "கிரியேட்டிவ் லேப்ஸ்" கம்பெனியைச் சேர்ந்த இருவர் இதே வழியை முன்பே கண்டுபிடித்து, காப்புரிமை வாங்கி இருந்தார்கள். கடைசியில் இரு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கிரியேட்டிவ் கம்பெனியின் ஒலி முறையை டூம் 3-ல் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். நிழலுக்குக் கொடுத்த விலை அது!

கைவிளக்கா? துப்பாக்கியா?

டூம் 3-ல் இரண்டு குறைகள் இருந்தன.

முதல் குறை: நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தது. உண்மை நிழல் அப்படி இருக்காது. வீட்டில் விளக்கின் முன் கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை ஒட்டி இருந்தால் நிழல் அழுத்தமாக விழும். கையைச் சுவரில் இருந்து விலக்கினால் நிழலின் ஓரம் கரைந்து போகும். விளக்குக்கு அகலம் இருப்பதே இதற்குக் காரணம். டூம் 3-ன் கணக்கில் விளக்கு வெறும் ஒரு புள்ளி!

இரண்டாவது குறை: உண்மை உலகில் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும். அதனால்தான் கட்டிலுக்கு அடியிலும் கொஞ்சம் கண் தெரிகிறது. டூம் 3 அந்தத் திரும்பும் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே, விளக்கு நேராகப் படாத இடம் மை இருட்டு.

போர்வீரனிடம் ஒரு கைவிளக்கு இருந்தது. ஆனால், கைவிளக்கைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது! பூதத்தைப் பார்க்கலாம், சுட முடியாது. சுடலாம், பார்க்க முடியாது.

"செவ்வாய்க்குப் போகத் தெரிந்தவர்களுக்குத் துப்பாக்கியில் விளக்கைக் கட்டத் தெரியாதா?" என்று பலர் கேலி செய்தார்கள். விளையாட்டு வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, ரசிகர்கள் தாங்களாகவே துப்பாக்கியில் விளக்கை ஒட்ட வைக்கும் ஒரு மாற்றத்தைச் செய்து பரப்பிவிட்டார்கள்.

2012-ல் கம்பெனியே இறங்கி வந்தது. அந்த ஆண்டு வெளியிட்ட புதிய பதிப்பில் கைவிளக்கைக் கவசத்தில் மாட்டினார்கள். இரண்டு கையும் துப்பாக்கிக்குக் கிடைத்தது.

ஆனால், சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பயமே போய்விட்டது!" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருட்டில் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்ற தவிப்புதானே அந்த விளையாட்டு!

விளக்கின் கண்

2016-ல் "டூம்" என்ற பழைய பெயரிலேயே புதிய விளையாட்டு வந்தது. இதில் கறுப்புப் பெட்டிகள் இல்லை. வேறு வழி.

விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு காமிராவை வைத்ததாக நினையுங்கள். விளக்கின் கண்ணுக்கு எது தெரிகிறதோ அது வெளிச்சம். எது மறைந்து இருக்கிறதோ அது நிழல். இந்த யோசனையைச் சொன்னவர் லான்ஸ் வில்லியம்ஸ். சொன்ன ஆண்டு 1978.

இந்த வழியில் நிழலின் ஓரத்தை மென்மையாகக் கரைக்கலாம். ஆனால், கவனிக்காவிட்டால் ஓரம் மாடிப்படி போல உடைந்து தெரியும்.

வினாடிக்கு 60 படம் காட்ட வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம், ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்கு. அதற்குள் எல்லா விளக்குகளின் நிழலையும் புதிதாகப் போட முடியாது. ஆகவே, சுவர், தூண் போன்ற அசையாத பொருள்களின் நிழலைச் சேமித்து வைத்தார்கள். அசையும் பூதங்களின் நிழலை மட்டும் புதிதாகச் சேர்த்தார்கள். சிக்கனம்!

கதிரைப் பின்தொடர்ந்து...

2025-ம் ஆண்டு மே மாதம் "டூம்: தி டார்க் ஏஜஸ்" வெளிவந்தது. இதில் கம்ப்யூட்டர் ஒளிக்கதிரையே பின்தொடர்கிறது. கதிர் எங்கே படுகிறது, பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடுகிறது. சிவப்புச் சுவரில் பட்ட வெளிச்சம், பக்கத்துத் தரையிலும் சிவப்பைப் பூசும். டூம் 3 விட்டுவிட்ட அந்தத் "திரும்பும் வெளிச்சம்" வந்துவிட்டது!

இந்த யோசனையும் பழையதுதான். 1980-ல் டர்னர் விட்டட் என்ற நிபுணர், கதிர் பட்டுத் திரும்புவதைக் கணக்கிட்டுக் கண்ணாடிக் கோளங்களின் படத்தை வரைந்து காட்டினார். அந்த ஒரு படத்துக்கு அன்றைய கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இன்று ஒரு வினாடிக்குள் பல படங்கள்!

தயாரிப்பவர்களுக்கும் இதனால் லாபம். முன்பெல்லாம் ஒரு விளக்கை நகர்த்தினால், வெளிச்சத்தைத் திரும்பவும் "சமைத்து" முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது நகர்த்திய உடனேயே பார்த்துவிடலாம்.

ஆனால், ஏழை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. கதிர்க் கணக்குப் போடும் தனிச் சாதனம் இல்லாத கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு ஓடாது. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றால், அதற்கும் வழி இல்லை.

1993-ல் வந்த டூமோ, மிகப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. அதன் உள்கணக்கைக் கம்பெனி 1997-லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது.

எது சிறந்தது?

நிஜம் போன்ற வெளிச்சம் வேண்டுமா? 2025-ம் ஆண்டு விளையாட்டை மிஞ்ச, இந்த வரிசையில் வேறு இல்லை.

வேகமும் அழகும் சேர்ந்து வேண்டுமா? 2016-ம் ஆண்டு விளையாட்டு.

பயம் வேண்டுமா? 2004-ம் ஆண்டின் டூம் 3. அதன் நிழலில் குறை உண்டு. இருட்டிலும் குறை உண்டு. அந்தக் குறைதான் பயத்தைக் கொடுத்தது!

செலவு இல்லாமல் வேண்டுமா? 1993-ம் ஆண்டின் முதல் டூம். அதில் நிழலே கிடையாது. வெறும் எண்கள்தான். ஆனாலும், விளக்கு அணைந்ததும் விளையாடுகிறவரின் கை நடுங்கியது.

கணக்கு வளர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரும் வளர்ந்துவிட்டது. இருட்டைக் கண்டு பயப்படும் மனித மனம் மட்டும் அப்படியே இருக்கிறது!