மொறுமொறுப்புக்கு எத்தனை நிமிடம்?

கண்டிப் பக்கத்து வீடுகளில் காலைச் சாப்பாடு என்றால் பாணும் பருப்பும், இடியப்பமும் சொதியும், ரொட்டியும் கட்டைச்சம்பலும். இலைக்கஞ்சி குடிப்பவர்களும் உண்டு. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி. வந்த நாளிலிருந்து அதைப் பற்றி வீட்டில் ஒத்த கருத்து கிடையாது. “இதுல என்ன இருக்கு? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல” என்பார் பாட்டி. பாடசாலை வானுக்கு ஓடும் பிள்ளைக்கு அது மொறுமொறுவென்று இருந்தால் போதும். தாத்தாவுக்கோ பாலில் நன்றாக ஊறி, பல்லுக்கு வேலை வைக்காமல் இறங்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அடுப்பு மூட்டத் தேவையில்லை என்பதே அதன் பெரிய சிறப்பு.

எல்லோரும் பேசுவது ஒரே பெட்டியைப் பற்றித்தான். ஆனால் பால் ஊற்றிய முதல் நிமிடத்தில் கிண்ணத்தில் இருக்கும் உணவும், ஐந்தாவது நிமிடத்தில் இருக்கும் உணவும் ஒன்றல்ல. இடையில் சோளச் செதிலின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. எப்படி மாறுகிறது என்பது தெரிந்தால், யார் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

சப்பென்று இருக்கட்டும் என்றே செய்தார்கள்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் சுகவாச நிலையம் நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜக்ஸன், 1863இல் ‘கிரனியுலா’ என்ற உணவைச் செய்தார். தவிட்டோடு அரைத்த கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டது அது. முதல் நாள் இரவே ஊறப்போடாவிட்டால் கடிக்க முடியாது. சமைக்காமல் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடும் காலைத் தானியங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

மிச்சிகன் மாநிலத்தின் பெட்டில் கிரீக் நகரிலும் ஒரு சுகவாச நிலையம் இருந்தது. அதன் தலைமை மருத்துவர் ஜோன் ஹார்வி கெலொக், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். இறைச்சியும் மசாலாவும் உடலைக் கெடுக்கும், மனத்தையும் கிளறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நோயாளிகளுக்கு உறைப்பில்லாத, காரசாரமில்லாத தானிய உணவே கொடுத்தார். 1894இல் அவித்த கோதுமை கொஞ்சம் கவனிக்கப்படாமல் கிடந்து காய்ந்துபோனது. வீணாக்க மனமில்லாமல் அதை உருளைகளுக்கு இடையே விட்டபோது, மாவுத் தகடாக வராமல் ஒவ்வொரு மணியும் தனித்தனிச் செதிலாக விழுந்தது. இந்தச் செய்முறைக்கு 1896இல் காப்புரிமை கிடைத்தது.

நிலையத்தின் கணக்குவழக்குகளைப் பார்த்த தம்பி வில் கீத் கெலொக், பின்னர் சோளத்திலும் செய்யப்பட்ட அந்தச் செதிலில் சீனி சேர்த்தால் ஊரெல்லாம் விற்கலாம் என்று நினைத்தார். அண்ணனுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. 1906இல் தம்பி தனியாக நிறுவனம் தொடங்கினார். சகோதரர்களின் பிணக்கு நீதிமன்றம் வரை போனது. ஆக, இந்த உணவு சப்பென்று இருக்கலாமா கூடாதா என்ற முதல் சண்டை, அதைக் கண்டுபிடித்த வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்தது.

அதே நிலையத்தில் 1891இல் நோயாளியாகத் தங்கியிருந்தவர் சி. டபிள்யூ. போஸ்ட். அவர் 1897இல் ‘கிரேப் நட்ஸ்’ என்ற தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெயரில் திராட்சையும் பருப்பும் இருந்தாலும் உள்ளே இருப்பவை கோதுமையும் பார்லியும்தான். பார்க்கவும் கடிக்கவும் பருக்கைக் கல் போல இருக்கும். 2021இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, வழக்கமான விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தும் வாங்கினார்கள். காசு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்பவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

சோளம் செதிலாகும் வழி

கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணைப் பக்கம் போகிறவர்கள் தெருவோரக் கடைகளில் அவித்த சோளம் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். தொழிற்சாலைக்குப் போவது நன்றாக முற்றிக் காய்ந்த சோளம். முதலில் மேல்தோலையும் முளையையும் நீக்குகிறார்கள். முளையில் எண்ணெய் இருப்பதால், அது இருந்தால் நாளடைவில் சிக்கு வாடை வரும். எஞ்சும் பெரிய குறுணைகளில் ஒவ்வொன்றும் ஒரு செதிலாகப் போகிறது.

குறுணையோடு சீனி, உப்பு, மோல்ட் பாகு சேர்த்து, அழுத்த நீராவியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேகவைக்கிறார்கள். வெள்ளையாக, கடினமாக இருந்த குறுணை நீரை இழுத்து, பொன்னிறமாக ஒளி ஊடுருவும்படி குழைகிறது. அப்போது அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர். அதைக் கொஞ்சம் உலர்த்தி, உள்ளே இருக்கும் ஈரம் சமமாகப் பரவ ஆறப்போடுகிறார்கள். 1894இல் தற்செயலாக நடந்தது, இப்போது நேரம் குறித்துச் செய்யப்படுகிறது.

அடுத்தது உருளை இயந்திரம். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தில் இருப்பதைப் போல எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருக்கு உருளைகள். அளவிலும் அழுத்தத்திலும் மட்டும் பல மடங்கு பெரியவை. சூடேறாமல் இருக்க அவற்றின் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. இடையில் விழும் குறுணை நசுங்கித் தட்டையாகிறது. ஆனால் இந்தக் கட்டத்தில் செதில் தோல் போல வளையும். மொறுமொறுப்பு இன்னும் வரவில்லை.

அதை வரவைப்பது கடைசி அடுப்பு. சுழலும் உலையில் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் அளவில் செதில் வறுபடுகிறது. உள்ளே இருந்த நீர் சட்டென்று ஆவியாகி வெளியேறும்போது மேற்பரப்பு கொப்புளித்துச் சுருள்கிறது. சீனியும் புரதமும் வெப்பத்தில் சேர்ந்து பொன் நிறத்தையும் வறுத்த வாசனையையும் தருகின்றன. வெளியே வரும்போது அதில் இருக்கும் நீர் 3 சதவீதத்துக்கும் குறைவு. வெப்பம் தாங்காத விற்றமின்களை அதன்பிறகே தெளிக்கிறார்கள். ஒரு செதிலை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகக் கொப்புளங்கள் தெரியும். ஒவ்வொரு கொப்புளத்தின் சுவரும் மிக மெல்லியது.

காதால் சாப்பிடுகிறோம்

இவ்வளவு உலர்ந்த நிலையில் சோளத்தின் மாப்பொருள் ‘கண்ணாடி நிலை’யில் இருக்கிறது. மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், அசையவும் இடமில்லாமல் உறைந்து நிற்கின்றன. கடித்தால் வளையாது, உடையும். கொப்புளச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிகளின் கோவை காற்று வழியாகவும் தாடை எலும்பு வழியாகவும் காதுக்குப் போய்ச் சேர்கிறது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மசிமிலியானோ சம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிப்பவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஒலியையே காதில் மாட்டும் ஒலிக்கருவி வழியாக மாற்றிக் கேட்கவைத்தார்கள். ஒலியைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். சிரிக்கவைத்துப் பின்பு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. சுவை குறைந்த செதிலைப் பிள்ளைகள் விரும்புவதில் இதனால் வியப்பில்லை. நாக்குக்குக் கிடைக்காததைக் காது ஈடுசெய்கிறது.

கண்டிக் காற்றும் பால்மாவும்

மாப்பொருளுக்குள் நீர் நுழைந்தால் மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது. கண்ணாடி நிலை கலைந்து ரப்பர் நிலை வருகிறது. இதைத்தான் நமுத்துப்போவது என்கிறோம். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போதே காலைத் தானியங்களின் மொறுமொறுப்பு குறையத் தொடங்கிவிடும். கண்டியில் பெரும்பாலான மாதங்களில் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். அதனால் திறந்து வைத்த பொதி நமுப்பது உறுதி. நாள்தான் முன்னே பின்னே ஆகும். காற்றுப் புகாத டின்னில் போட்டு வைக்கலாம். நமுத்தது என்றால், காய்ந்த சட்டியில் மெல்லிய தீயில் பரப்பிக் கொஞ்ச நேரம் பிரட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு கடித்துப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறிய பிறகே கண்ணாடி நிலை திரும்பும்.

பாலில் இதெல்லாம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். கண்டிக்கு அருகே திகனயில் மில்கோவின் பால் தொழிற்சாலை இருந்தாலும், நகரத்து வீடுகள் பலவற்றில் பால்மாதான் புழக்கத்தில் இருக்கிறது. கொதிநீரில் பால்மாவைக் கரைத்து, அந்தச் சூட்டோடு செதிலின் மேல் ஊற்றுவது வழக்கம். சூடான நீர் விரைவாக உள்ளே போகும். சூடு மாப்பொருளையும் சீக்கிரம் குழைக்கும். கரண்டியை எடுப்பதற்குள் கிண்ணத்தில் கஞ்சி. குளிர்ந்த பாலில் இது மெதுவாக நடக்கும். கொழுப்பு நிறைந்த பாலில் இன்னும் மெதுவாக நடக்கும். செதிலின் மேல் படியும் கொழுப்பு நீரைக் கொஞ்சம் தடுக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலைச் சூடாக ஊற்றிவிட்டு, “பெட்டியில இருக்கிற மாதிரி இல்லையே” என்று குறை சொல்வதில் பயனில்லை.

அவலும் பொரியும் சேர்ந்த ஒன்று

கண்டிக்குச் செதிலும் புதிதில்லை, மொறுமொறுப்பும் புதிதில்லை. சரஸ்வதி பூசைக் காலத்தில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் போனால் அவல், பொரி, கடலை மூன்றையும் பார்க்கலாம். சிங்கள வீடுகளில் அவலுக்கு ஹபல பெத்தி என்று பெயர்.

அவலுக்கு நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடிக்கிறார்கள். உமி கழன்று அரிசி தட்டையாகிறது. அதன்பிறகு உலையில் வறுப்பது கிடையாது. எனவே கொப்புளமும் இல்லை. செதில் இறுக்கமாக இருக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து நனைத்துச் சாப்பிடவே அது செய்யப்படுகிறது. பொரி இதற்கு நேர்மாறு. சுடுமணலில் விழுந்த அரிசியின் உள்நீர் ஒரே நொடியில் ஆவியாகி அதை ஊதிவிடுகிறது. உள்ளெல்லாம் காற்றறைகள். கடலையோடு உலர்வாகக் கொறிப்பதற்கு ஏற்றது.

அவலை நனைக்க வேண்டும், பொரியை நனைக்கக் கூடாது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, பழக்கத்தில் வந்தது. கோர்ன்ஃப்ளேக்ஸ் அவலைப் போல நசுக்கப்பட்டு, பொரியைப் போல ஊதப்பட்ட பொருள். தோற்றம் நனைக்கச் சொல்கிறது. உள்ளமைப்பு நனைக்காதே என்கிறது. பாலில் போட்ட கணத்தில் பொரியாக இருந்து, சில நிமிடங்களில் அவலாகிவிடுகிறது. மொறுமொறுப்பைக் கேட்பவரும் ஊறலைக் கேட்பவரும் ஒரே மேசையில் முரண்படுவது இதனால்தான். இருவர் கேட்பதும் அதற்குள் இருக்கிறது, வேறு வேறு நேரத்தில்.

வயிற்றுக் கணக்கு

உண்ட உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதற்குக் கிளைசீமிக் குறியீடு என்ற அளவு உண்டு. குளுக்கோஸுக்கு 100 என்றால் கோர்ன்ஃப்ளேக்ஸுக்கு 80 அளவில் வருகிறது. வெள்ளைப் பாண் 75 அளவில். நீண்ட நேரம் வெந்து, தட்டையாகி, தோலும் முளையும் போன மாப்பொருள் எளிதில் செரித்துவிடும். நார்ச்சத்தும் குறைவு. நீரிழிவுள்ளவர்கள் இனிப்பில்லையே என்று நினைத்துக் கிண்ணத்தை நிரப்பிவிடக் கூடாது.

சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. இலங்கையில் 1973இல் தொடங்கிய திரிபோஷ திட்டம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கும் மாவில் சோளத்தோடு சோயா அவரையைச் சேர்ப்பதில் இந்தக் குறையும் தீர்கிறது. கோர்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தில் அந்த வேலையைச் செய்வது பால். கூடவே ஒரு முட்டையோ, அவித்த கடலையோ, கதலிப் பழமோ இருந்தால் பகல் சாப்பாடு வரை பசி தாங்கும்.

இலங்கையில் பொதி உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்பு அளவுகளை நிறக் குறியால் காட்டும் முறை இருக்கிறது. சீனி பூசிய வகையையும் வெறும் வகையையும் அருகருகே வைத்து அந்தக் குறிகளையும் சேர்பொருள் பட்டியலையும் பாருங்கள். அண்ணன் கெலொக்கின் வைத்தியம் இன்று செல்லாது. ஆனால் சப்பென்ற பெட்டியை வாங்குவதில் ஒரு வசதி இருக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைத் தொழிற்சாலை தீர்மானிக்காது. எவ்வளவு பால், எவ்வளவு நேரம் என்பதோடு சேர்த்து அதையும் சாப்பிடுகிறவரே தீர்மானிக்கலாம்.