பெட்டியினின்று மறைந்த கைப்புத்தகம்

நூலின் முகப்பிலே பாயிரம் நிற்பதற்குக் காரணம் உண்டு. நூல் எதனைக் கூறுவது, யாவர்க்கு உரியது, எவ்வாறு பயிலத் தக்கது என்பனவற்றை அறியாது உள்ளே புகுவோன் இடர்ப்படுவான் என்பது கருதியே நம் முன்னோர் அதனை முன்வைத்தனர். வீடியோ விளையாட்டுக்களுக்கும் அத்தகைய பாயிரம் ஒன்று இருந்தது. கடையில் விற்கப்பட்ட பெட்டியினுள் டிஸ்குடனோ கார்ட்ரிட்ஜுடனோ வைக்கப்பெற்ற அச்சிட்ட கைப்புத்தகமே அது. சில பெட்டிகளில் தேசப்படமும், கடிதமும், சிறு உலோகப் பொருள்களுங்கூட அதற்குத் துணையாய் இருந்தன. இன்று விற்கப்படும் பெட்டிகளுட் பெரும்பாலானவற்றைத் திறப்பின் இவற்றுள் ஒன்றும் காணப்படுவதில்லை. இவை என்ன பயன் கருதி வைக்கப்பட்டன, எக்காரணத்தால் நீங்கின, நீங்கியதனால் விளைந்த இழப்பு யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண், கைப்புத்தகம் யந்திரத்தின் வறுமையிற் பிறந்ததென்பதை அறிதல் வேண்டும். 1977 இல் அட்டாரி கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த யந்திரத்தின் தற்காலிக நினைவிடம் 128 பைட்டே. அதற்குரிய தொடக்கக் காலத்துக் கார்ட்ரிட்ஜுகள் 4,096 பைட்டுக்கு மேற்படாதன. நாம் எழுதும் இக்கட்டுரைதானும் அவற்றுள் ஒன்றில் அடங்காது. ஆகவே, திரையில் ஒரு சதுரப் புள்ளி அசையும்; அது வீரனென்பதையும், அவன் எதனை நாடிச் செல்கின்றான் என்பதையும் காகிதமே கூறும். 1982 இல் வெளிவந்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்னும் விளையாட்டு, தன் கதையைச் சொல்வதற்குச் சித்திரக்கதைப் புத்தகமொன்றையே உடன் கொணர்ந்தது.

1985 இல் ஜப்பானில் தோன்றிய ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்பதனை அறியாத இளைஞர் அரியர். அதில் மாரியோ செங்கற்களை உடைக்கின்றான். அக்காளான் நாட்டு மக்கள் பகைவனது மாயத்தால் கற்களாகவும் செங்கற்களாகவும் செடிகளாகவும் மாற்றப்பட்டனர் என்ற செய்தி கைப்புத்தகத்தில் உளது. விளையாட்டினுள்ளே எங்கும் இல்லை. அப்புத்தகத்தைப் படியாதவர் பல்லாண்டு விளையாடினும் கதையின் இந்தப் பகுதியை அறியார்.

அமெரிக்காவில் இருந்த இன்ஃபோகாம் கம்பெனியார் இம்முறையைக் கலையாகவே வளர்த்தனர். 1982 இல் அவர் வெளியிட்ட ‘டெட்லைன்’ என்பது கொலைத் துப்பறியும் விளையாட்டு. சித்திரமின்றி எழுத்தாலேயே நடப்பது. வழக்கின் விவரங்கள் யாவற்றையும் கொள்ளுதற்கு டிஸ்கில் இடம் போதவில்லை. எனவே சாட்சிகளின் விசாரணைக் குறிப்புகள், ஆய்வுச்சாலை அறிக்கை, சம்பவம் நிகழ்ந்த அறையின் புகைப்படம், சிறு பையிலிட்ட மாத்திரைகள் முதலியவற்றைப் பெட்டியில் இட்டனர். பெட்டியைத் திறந்தவுடனே வாங்கியவர் துப்பறிவோர் ஆயினர். அதே ஆண்டில் இரண்டாம் ‘அல்டிமா’வை வெளியிட்ட ரிச்சர்டு காரியட் என்பார், தேசப்படம் துணியிலேயே அச்சிடப்பட வேண்டுமென வற்புறுத்தினார். 1985 இல் வந்த நான்காம் ‘அல்டிமா’வில் துணிப்படமும், இரு புத்தகங்களும், உலோகச் சின்னமொன்றும் இருந்தன.

காகிதத்திற்கு வேறொரு தொழிலும் உண்டாயிற்று. அது களவைத் தடுப்பது. டிஸ்கைப் பிரதி செய்தல் எளிது. அச்சிட்ட பொருளைப் பிரதி செய்தல் அக்காலத்தில் அத்துணை எளிதன்று. 1990 இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டில், கடற்கொள்ளையரின் முகங்கள் தீட்டிய அட்டைச் சக்கரத்தைத் திருப்பி விடை கண்டாலன்றி உட்புக இயலாது. அவ்வாண்டிலேயே வந்த ‘ஸ்டார் டிராபிக்ஸ்’ பெட்டியில் கடிதமொன்று இருந்தது. விளையாட்டின் இடையே, அக்கடிதத்தை நீரில் நனைக்குமாறு ஒரு கட்டளை பிறக்கும். நனைத்தால் மறைந்திருந்த எண் தோன்றும். அவ்வெண் இன்றேல் மேற்செல்லல் இயலாது. கார்ட்ரிட்ஜை மட்டும் வாடகைக்கு எடுத்தவரும், பழையதாக வாங்கியவரும் அவ்விடத்தே திகைத்து நின்றனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாடகைக் கடைகளின் செய்தி பிறிதொன்றும் ஈண்டு நினைக்கத் தக்கது. 1989 இல் அமெரிக்காவின் பெரிய வாடகைக் கம்பெனியாகிய பிளாக்பஸ்டர் மீது நின்டெண்டோ கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். கைப்புத்தகங்களைப் பிரதி செய்து வாடிக்கைக்காரருக்கு அளித்தனர் என்பதே குற்றச்சாட்டு. மதிப்பற்ற தாளுக்காக எவரும் நீதிமன்றம் ஏறார்.

இத்துணைச் சிறப்புடையது ஏன் மறைந்தது? காரணங்கள் பல. நினைவிடம் பெருகியது முதற் காரணம். 4,096 பைட் இருந்த இடத்தில் கோடிக்கணக்கான பைட் கொள்ளும் டிஸ்குகள் வந்தபின், கதையும் பயிற்சியும் விளையாட்டினுள்ளேயே அமைந்தன. அச்சுக்கும் விளையாட்டுக்கும் காலம் ஒவ்வாமை இரண்டாவது. புத்தகம் முன்னரே அச்சேற வேண்டும். விளையாட்டோ விற்பனைக்கு வந்த பின்னும் இன்டர்நெட் வழியே திருத்தப்படுகின்றது. செலவு மூன்றாவது. பெட்டியே இன்றி இன்டர்நெட் வழியாக விற்கும் முறை பரவியது நான்காவது. 2010 இல் யூபிசாஃப்ட் கம்பெனியார், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 யந்திரங்களுக்குரிய தம் விளையாட்டுக்களிற் காகிதக் கைப்புத்தகத்தை நீக்குவதாக அறிவித்தபோது, ஒரு டன் காகிதத்திற்குச் சராசரி 13 மரங்கள் அழிகின்றன என்றனர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அச்சுக்கூலியும் அதனால் மிஞ்சியது என்பதை மறத்தற்கில்லை. 2017 இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் யந்திரத்திற்குரிய பெட்டிகளுட் பெரும்பாலானவற்றில் ஒரு சிறு அட்டையேயன்றி வேறில்லை. 2025 இல் வந்த ஸ்விட்ச் 2 யந்திரத்திற்குரிய சில பெட்டிகளில் விளையாட்டுங்கூட இல்லை. அதனை இறக்கிக் கொள்ளுதற்கான திறவுகோல் அட்டையே உளது.

மாற்றம் முற்றும் தீதென்பது நம் கருத்தன்று. ஆடிக்கொண்டே ஆட்டத்தைக் கற்பது பலர்க்கு எளிது. சிற்றெழுத்தைப் படிக்க இயலாதார்க்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்குதல் நன்மையே. ஆனால் புதியனவற்றிற்குப் பொருந்தும் நியாயம் பழையனவற்றிற்குப் பொருந்தாது. இன்றைய விளையாட்டு கைப்புத்தகமின்றி முழுமையுடையதாகவே செய்யப்படுகின்றது. ‘டெட்லைனும்’ ‘ஸ்டார் டிராபிக்ஸும்’ அவ்வாறு செய்யப்பட்டன அல்ல. அவற்றின் ஒரு பாதி கார்ட்ரிட்ஜிலோ டிஸ்கிலோ உளது; மற்றொரு பாதி காகிதத்தில் உளது. காகிதத்தை எறிந்து டிஸ்கைக் காப்பவன், ஏட்டின் இடையோலைகளைக் களைந்து எஞ்சியதைப் போற்றுபவனை ஒப்பான்.

பாதுகாக்கும் பணியும் எளிதன்று. 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இப்போது கடைகளிற் கிடைப்பதில்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனத்தார் 2023 இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறும். விளையாட்டின் நிரலைப் பிரதி செய்து காப்போர் பலர். துணிப்படத்தையும் நனைக்கும் கடிதத்தையும் காப்போர் சிலரே. நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் காட்சிச்சாலை போன்றவை விளையாட்டுக்களோடு அவற்றைச் சார்ந்த அச்சுப் பொருள்களையும் சேர்த்து வைப்பது பாராட்டற்பாலது. 2022 இல் வெளிவந்த ‘டியூனிக்’ என்னும் விளையாட்டில், சிதறிக் கிடக்கும் கைப்புத்தகத்தின் பக்கங்களைத் தேடிச் சேர்ப்பதே ஆடுவோர் தொழில். காகிதம் நீங்கிய பின்னர் அதன் நினைவே விளையாட்டாயிற்று.

ஆதலின், பழைய பெட்டி ஒன்று எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், டிஸ்க் சுழல்கின்றதா எனப் பார்ப்பதற்கு முன், அடியிற் கிடக்கும் தாளை எடுத்துப் பார்ப்பாராக. டிஸ்கிற்குப் பிரதி வேறெங்கேனும் கிடைத்தல் கூடும். அத்தாளுக்கு மற்றொரு பிரதி எஞ்சியுள்ளது என்னும் உறுதி நமக்கில்லை.