பிரபுவின் மாளிகையும் பூமிக்கடியில் ஓர் அறையும்

லண்டன் மாநகருக்கு வடமேற்கே சுமார் 11 மைல் தூரத்தில் ஸ்டான்மோர் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர் மேட்டின்மீது நிற்கும் பழைய மாளிகைக்குப் பெண்ட்லி பிரையரி என்று பெயர். 'பிரையரி' என்றால் துறவிகளின் மடம். மத்திய காலத்தில் அப்பக்கத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் மறைந்தது, பெயர் மட்டும் நின்றது.

1788-ம் வருஷத்தில் ஜான் ஸோன் என்னும் பிரசித்தி பெற்ற கட்டடச் சிற்பி, ஆபர்கார்ன் பிரபுவுக்காக இம்மாளிகையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். மந்திரிகளும் கவிஞர்களும் அங்கே விருந்துண்டார்கள். ஸர் வால்டர் ஸ்காட்டும் வந்து தங்கினார். பின்னர், நான்காம் வில்லியம் மன்னரின் விதவையான அடிலெய்ட் ராணி தமது கடைசி நாட்களை அங்கே கழித்து, 1849 டிசம்பர் 2-ம் தேதி உயிர் நீத்தார். ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்ட் நகரம் இவர் பெயரைத் தாங்கியதே.

அதற்குப் பின் அம்மாளிகைக்கு வந்த தசைகளைச் சொன்னால் சிரிப்பு வரும். 1882-ல் அதை வாங்கிய பிரெடரிக் கோர்டன் என்பவர் ஹோட்டல் தொழிலில் பெரும் பொருள் குவித்தவர். மாளிகையை உல்லாச விடுதியாக மாற்றினார். ஸ்டான்மோருக்கு ஒரு ரயில் பாதையே 1890-ல் அவர் முயற்சியால் வந்தது. ரயில் வந்தும் விருந்தினர் வரவில்லை! முடிவில் முதலாளியே குடும்பத்துடன் அதில் குடியேறினார். அவர் காலத்துக்குப் பின் 1908 முதல் 1922 வரை பெண்கள் பள்ளிக்கூடம் நடந்தது. 1926-ல் ஆகாயப் படையார் அதை வாங்கினார்கள்.

1936 ஜூலையில் பிரிட்டனின் சண்டை விமானப் படைக்கு அதுவே தலைமை நிலையமாயிற்று. தலைவராக வந்தவர் ஸர் ஹியூ டௌடிங். இளமையில் பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையிலும் இந்தியாவிலும் உத்தியோகம் பார்த்தவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவர் அங்கே செய்த காரியத்தைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். யுத்தத்தில் விமானிகளின் வீரத்தைப் பற்றியே நாம் கேட்கிறோம். அவர்களை வேளையறிந்து அனுப்பிய மூளையைப் பற்றிக் கேட்பதில்லை.

கடற்கரை நெடுகிலும் ரேடார் நிலையங்கள் இருந்தன. எதிரி விமானங்கள் கடல்மீது வரும்போதே அவை கண்டு சொல்லும். ஆனால் ஒரே கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு இடத்தில் காண்பதுண்டு; எண்ணிக்கையிலும் பிழை நேரும். ஆகவே எல்லாச் செய்திகளும் டெலிபோன் வழியாக முதலில் பெண்ட்லி பிரையரிக்கே வந்தன. அங்கே 'வடிகட்டும் அறை' என்று ஓர் அறை. பெரிய மேஜையில் விரித்த படத்தின்மீது பெண்கள் வில்லைகளை வைத்துக்கொண்டே இருப்பார்கள். அதிகாரிகள் மேலிருந்து பார்த்து, இன்னது மெய், இன்னது பொய் என்று நொடியில் தீர்மானிப்பார்கள். தேர்ந்த செய்தி மட்டுமே பிராந்தியத் தளங்களுக்குப் போகும். விமானங்கள் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ரேடாருக்குக் கண் கிடையாது. அப்போது வெட்டவெளியில் நின்று வானத்தை நோக்கும் தொண்டர்களே கண். ஆரம்பத்தில் இவ்வேலைக்கு மாளிகையின் நடன மண்டபமும் நிலவறையும் பயன்பட்டன. 1940 மார்ச்சில் எல்லாம் தோட்டத்தில் பூமிக்கடியில் கட்டிய அறைகளுக்குப் போயின.

இந்த ஏற்பாடு பயன்பட வேண்டுமானால் விமானங்கள் மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா? 1940 மே மாதம் பிரான்ஸ் தேசம் விழுந்துகொண்டிருந்தது. மேலும் விமானங்கள் அனுப்புமாறு பிரெஞ்சுக்காரர் மன்றாடினர். சர்ச்சிலுக்கும் அனுப்பவே மனம். மே 16-ம் தேதி டௌடிங் ஆகாய மந்திரி காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தேசத்தைக் காக்க 52 பிரிவுகள் வேண்டுமென்று கணக்கிட்டிருக்க, கையில் 36 பிரிவுகளின் பலமே உள்ளது. இன்னும் அனுப்பினால் பிரான்ஸுடன் இங்கிலாந்தும் வீழும் என்பது அதன் சாரம். மேலதிகாரிகள் விரும்பாததை எழுத்தில் கொடுத்துக் கையொப்பமிடுவது எளிதன்று. உத்தியோகத்திலிருப்பவர்களுக்கு இது தெரியும். சில நாட்களில் அனுப்புவது நின்றது. ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த ஆகாயப் போரில் சுமார் 2,900 விமானிகள் பறந்தார்கள். 544 பேர் மாண்டார்கள். ஹிட்லரின் படை கடல் தாண்டவில்லை.

நவம்பர் மாதம் டௌடிங் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். இரவில் வரும் குண்டு விமானங்களைத் தடுக்க முடியவில்லை என்பது குறை; படைத் தலைவர்களுக்குள் இருந்த பூசலும் சேர்ந்தது. 1941-ல் சர்க்கார் வெளியிட்ட அப்போரின் வரலாற்றுப் பிரசுரத்தில் அவர் பெயரே இல்லை. சர்ச்சிலே அதைக் கண்டித்தார். ராமாயணம் எழுதி ராமன் பெயரை விட்ட கதைதான்! 1943-ல் பிரபு பட்டம் அளித்தபோது, 'பெண்ட்லி பிரையரி' என்ற ஊர்ப்பெயரை டௌடிங் தம் பட்டத்துடன் சேர்த்துக்கொண்டார்.

2008 மே மாதத்தில் ஆகாயப் படை அம்மாளிகையை விட்டு வெளியேறியது. இப்போது அங்கே செல்வர்கள் வசிக்கும் வீடுகள் அமைந்திருக்கின்றன. சில அறைகள் மட்டும் 2013 முதல் காட்சிச் சாலையாக இருக்கின்றன. டௌடிங் அலுவல் பார்த்த அறையும் அவற்றில் ஒன்று.