ஒரே படம், ரெண்டு எழுத்து

போன சனிக்கிழமை சென்ட்ரல்ல ட்ரெயின் பிடிச்சு திருத்தணி பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பேப்பர் கடையில போட ஒரு கட்டு கட்டி வச்சிருந்தாங்க. பிரிச்சா பாதி அம்புலிமாமா, பாதி தெலுங்கு சந்தமாமா!

நகரியில இருந்து பெரியம்மா பொண்ணு லீவுக்கு வருவா. அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்குத் தெலுங்கும் அப்படித்தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சா, விக்கிரமன் தோள்ல வேதாளம், அதே படம். அவ சத்தமா வாசிப்பா, நான் என் புத்தகத்துல விரல் வச்சுட்டே வருவேன்.

காரணம் இதுதான். 1947 ஜூலையில நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில இருந்து ரெண்டு மொழியிலயும் சேர்த்தே ஆரம்பிச்ச பத்திரிகை அது. அப்புறம் இன்னும் பல மொழிகள். கதையும் ஓவியமும் பொது, எழுத்து மட்டும் மாறும். நாம ஆபீஸ்ல லோக்கலைசேஷன்னு பெருமையா சொல்றோமே, அதேதான். வேதாளத்தை வரைஞ்ச சங்கர் 2020ல காலமானார்.

ஊர்க்கதையும் கொஞ்சம் சொல்லணும். சித்தூர் மாவட்டத்துல இருந்த திருத்தணி, ம.பொ.சி. மாதிரி ஆட்கள் போராடி, 1960 ஏப்ரல் 1ல இந்தப் பக்கம் வந்துச்சு. நகரி அந்தப் பக்கமே நின்னுடுச்சு. கல்யாணம் காட்சியில எல்லை தெரியாது. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதுதான் தெரியும்.

கட்டைக் கடைக்குப் போட விடல. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவ பொண்ணு பெங்களூருல படிக்குது, ரெண்டு எழுத்துமே தெரியாது. அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா. வாசிக்க நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்.