ஸ்கேன் எடுக்கும் கைக்கு என்ன சான்று?

எண்ணூர், மணலி பக்கத்து ஆலைகளில் பைப்லைன் வெல்டிங் முடிந்ததும் அல்ட்ராசோனிக் சோதனைக்கு ஆள் வருவார். வெல்டிங்குக்குப் பக்கவாட்டில் பசை போன்ற ஒரு கலவையைத் தடவி, கட்டைவிரல் அளவுள்ள புரோபை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துவார். உலோகத்துக்குள் காற்றுக்குமிழோ விரிசலோ இருந்தால் திரையில் கோடு எழும். ராயபுரத்தில் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல் தடவி நடப்பதும் இதே வேலைதான். இரண்டிலும் ஒலி அலை. அதிர்வெண்கூட ஏறக்குறைய ஒன்றே, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். நடுவில் காற்று நின்றுவிட்டால் ஒலி உள்ளே போகாது என்பதால்தான் அங்கே பசை, இங்கே ஜெல்.

இந்த ஒற்றுமைக்கு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை 1955இல் காரில் எடுத்துக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே இருப்பது நீரா, சதையா என்பது எதிரொலியிலேயே பிரிந்து தெரிந்தது. மருத்துவர் ஜான் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இன்று உலகம் முழுக்க நடக்கும் கர்ப்பகால ஸ்கேனுக்கு அந்தக் கட்டுரைதான் அடித்தளம்.

வெல்டிங்கைச் சோதிக்க வருபவர் சும்மா வந்துவிட முடியாது. லெவல் 1, லெவல் 2, லெவல் 3 என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் இத்தனை மணி நேரப் பயிற்சி, இத்தனை காலம் கையால் வேலை பார்த்த அனுபவம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, கண் பரிசோதனை. சான்றிதழுக்குக் காலாவதி தேதியும் உண்டு. இந்தச் சான்றிதழ்களை நம் நாட்டில் நடத்தும் முக்கிய அமைப்பான இந்திய நான்-டெஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங் சங்கத்தின் தலைமையிடம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. லெவல் 1 ஆள் கருவியை ஓட்டலாம், அளவு எடுக்கலாம். ‘இந்த வெல்டிங் தேறும், தேறாது’ என்ற முடிவை லெவல் 2 ஆள்தான் எழுத வேண்டும். யார் எதுவரை போகலாம் என்பதில் குழப்பமே இல்லை.

மனித உடம்பைச் சோதிக்கும் இடத்தில் இந்தத் தெளிவு இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி வடசென்னைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்க்கும் இடம். அதைச் சுற்றியும், திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுகவும் தனியார் ஸ்கேன் சென்டர்கள். காசிமேட்டிலிருந்து வருபவரும் எண்ணூரிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருபவரும் தண்ணீர் பாட்டிலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். “யூரின் நல்லா முட்டினதும் சொல்லுங்கக்கா” என்று கவுன்டரில் இருக்கும் பெண் சொல்லிவிட்டு, படிவம் எஃப்-ஐ எடுத்து நிரப்பத் தொடங்குவார். கணவர் பெயர், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, அனுப்பிய டாக்டர் யார், எதற்காக ஸ்கேன். கடைசியில் ஒரு கையெழுத்து. சுவரில், கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்ற பலகை.

இந்தப் படிவமும் பலகையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிள்ளைகள். கருவிலேயே பெண் குழந்தையைத் தேடி அழித்த கொடுமையை நிறுத்த வந்த சட்டம் அது. 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்டது. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டியையும் சேலத்தையும் மறக்காத தமிழ்நாட்டுக்கு அதன் நியாயத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001இல் 942, 2011இல் 943. சரிந்த கணக்கு மீளவில்லை. சட்டம் தளரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் எதைக் கண்காணிக்கிறது என்று பாருங்கள். கருவியைப் பதிவு செய்கிறது. இடத்தைப் பதிவு செய்கிறது. கருவியை நகர்த்துவதைக் கட்டுப்படுத்துகிறது. படிவம் எஃப்-இல் ஒரு கட்டம் விடுபட்டாலும் குற்றமே என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முதல் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை. புரோபைப் பிடிப்பவர் டாக்டராக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் அந்த டாக்டருக்கு ஸ்கேன் பார்க்கத் தெரியுமா என்பதைத் தேர்வு வைத்துச் சோதிக்கும்படி சட்டம் பல ஆண்டுகள் கேட்கவில்லை. கதிரியக்கவியலில் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள் குறைவு என்பதால், எம்.பி.பி.எஸ். முடித்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய டாக்டர்கள்தான் நாட்டின் பல ஊர்களில் ஸ்கேன் செய்துவந்தார்கள்.

2014இல்தான் மத்திய அரசு அதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு ஆறு மாதம், 300 மணி நேரப் பயிற்சி. முடிவில் திறன் தேர்வு. அந்த விதியை 2016 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதாவது டாக்டருக்கே 300 மணி நேரப் பயிற்சி வேண்டுமா, வேண்டாமா என்று நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் இழுபறி. திறமையைக் கேட்பது பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டத்தின் வேலை இல்லை என்ற வாதத்தில் சட்ட நுணுக்கம் இருக்கலாம். பெஞ்சில் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த நுணுக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

ஏனென்றால் ஸ்கேன் என்பது எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் எடுத்து யாரிடமோ காட்டும் காரியம் அல்ல. கை நகரும்போது தெரிவதுதான் படம். கை போகாத இடம் படத்தில் வராது. சிசுவின் தலை விட்டத்தை அளக்க, மூளையின் குறிப்பிட்ட சில அடையாளங்கள் ஒரே தளத்தில் தெரியும்படி புரோபை நிறுத்த வேண்டும். சற்றே சாய்ந்தாலும் அளவு மாறும், கர்ப்பத்தின் நாள்கணக்கும் மாறும். இன்னொன்று: சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்திருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதி அழுந்தி, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பதாகப் பொய்த்தோற்றம் வரும். பழகிய கை என்றால், “போய் யூரின் போயிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டு மறுபடி பார்க்கும். பழகாத கை அதையே ரிப்போர்ட்டில் எழுதிவிடும். அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் பயந்து கிடக்கும்.

நேரமும் இதில் உயிர்நாடி. சிசுவின் உறுப்புக் குறைபாடு பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரம் தாண்டினால், கடுமையான குறைபாடாக இருந்தாலும் மருத்துவக் குழு கூடித்தான் முடிவு செய்ய முடியும். ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்தில் இரண்டு சென்டர்களுக்கு மேல் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பது 2012 முதல் விதி. முறைகேட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அதே விதியால் டாக்டர் வரும் நேரத்துக்காகக் காத்திருப்பதும், தேதி தள்ளிப்போவதும் கூடவே வருகின்றன.

இந்த இடைவெளியில் நிற்பவர்தான் டெக்னீஷியன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ரேடியாலஜி டெக்னாலஜி டிப்ளமோ இரண்டு ஆண்டு, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பட்டமும் உண்டு. இவர்கள் எக்ஸ்ரே எடுக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதி வரையறை வைத்திருக்கிறது; கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் வேலை. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. ஆகவே அந்த வாரியத்துக்கு அதில் வேலை இல்லை. பாலினத் தேர்வுத் தடைச் சட்டமோ டெக்னீஷியனைப் புரோபின் பக்கமே விடுவதில்லை. இதய எக்கோவைப் பல ஆஸ்பத்திரிகளில் டெக்னீஷியன்தான் எடுக்கிறார், டாக்டர் பார்த்துக் கையெழுத்திடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. வயிற்று ஸ்கேனுக்கு வந்தால் அதே படிப்புக்கு மதிப்பில்லை.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் தேசிய ஆணையச் சட்டம் இதை மாற்றியிருக்க வேண்டும். அதன் அட்டவணையில் ரேடியாலஜி பிரிவுக்குள் ‘சோனோகிராபர்’ என்ற தொழில் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டு. பட்டம் படித்துச் சுகாதாரத் தொழில் வல்லுநராக வேண்டுமென்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று ஆண்டு. மாநிலந்தோறும் கவுன்சில், பதிவேடு. கவுன்சில்களை அமைப்பதில் மாநிலங்கள் காட்டிய சுணக்கத்தைப் பார்த்து, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் ரேடியாலஜி உட்பட பத்துத் துறைகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் வெளியானது. ஆக, ஒரே சுகாதார அமைச்சகத்தின் ஒரு சட்டம் சோனோகிராபர் என்று ஒரு தொழிலை ஒப்புக்கொள்கிறது. இன்னொரு சட்டம் அந்தத் தொழிலைச் செய்ய விடுவதில்லை. இதை நேர்செய்யாமல் பாடத்திட்டம் மட்டும் அச்சிட்டு என்ன ஆகப்போகிறது?

வெளிநாடுகளிலும் எல்லாம் சீராக இல்லை. அமெரிக்காவில் சோனோகிராபர்களுக்கான தேர்வை நடத்தும் பதிவு அமைப்பு 1975 முதல் இருக்கிறது. மருத்துவமனைகளும் அதைக் கேட்கின்றன. ஆனால் அரசு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டவை நியூ மெக்சிகோ, ஆரிகன், நியூ ஹாம்ப்ஷயர், வடக்கு டகோட்டா போன்ற ஒருசில மாநிலங்களே. பிரிட்டனில் ‘ரேடியோகிராபர்’ என்று பதிவில்லாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். ‘சோனோகிராபர்’ என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் அங்கெல்லாம் புரோபைப் பிடிப்பதற்கென்றே ஒரு படிப்பு, ஒரு தேர்வு, ஒரு தொழில் வளர்ந்துவிட்டது. நமக்கு அதுவும் இல்லை.

டெக்னீஷியனிடம் புரோபைக் கொடுத்தால் பாலினம் பார்த்துச் சொல்லும் கும்பல் பெருகும் என்று கதிரியக்க மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. கையடக்கக் கருவியோடு வீடு வீடாகப் போய்ப் பாலினம் சொன்னவர்கள் தருமபுரிப் பக்கம் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கும்பலில் இருப்பவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். பெயரும் எண்ணும் பதிவாகி, தவறினால் தொழிலையே இழக்க நேரும் ஒருவரைவிட, யாரென்றே தெரியாதவர்தான் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனை இப்போதைக்கு டாக்டரிடமே விட்டுவிடலாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, காலின் ரத்தக்குழாய் ஆகியவற்றில் தேர்வு எழுதித் தேறிய சோனோகிராபர் அளவு எடுக்கட்டும், டாக்டர் பார்த்து முடிவு எழுதட்டும். எண்ணூர் ஆலையில் லெவல் 1, லெவல் 2 என்று பிரித்தது இந்த அடிப்படையில்தான். டாக்டருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறன் தேர்வு வைப்பதில் தவறே இல்லை.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை ‘ஆறே மாதத்தில் ஸ்கேன் டெக்னீஷியன்’ என்ற போஸ்டரைப் பார்த்துப் பணம் கட்டிச் சேர்க்கும் பெற்றோர் வடசென்னையில் நிறையப் பேர். 2021 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த படிப்புக்கு அங்கீகாரம் கிடையாது. சேர்க்குமுன் அந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, முடித்தால் மாநில கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கேனுக்குப் போகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைப் படியுங்கள். கருவி, இடம் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். உள்ளே புரோபைப் பிடித்திருப்பவர் அந்த சென்டருக்குப் பதிவான டாக்டர்தானா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.